டொக்டர் வரைந்த இரண்டு கதவுகள்

கடந்த வாரம் கண்டியில் ஒரு கிளினிக்கில் எனக்குத் திடீர் உத்தியோகம் கிடைத்தது. மொழிபெயர்ப்பாளர்!

பிரஷர் பார்க்கத்தான் போயிருந்தேன். தமிழ் தெரிந்த நர்ஸ் அன்று லீவு. டொக்டரம்மாவுக்கோ சிங்களம் மட்டும். எனக்கு முன்னால் இருந்தவர் செல்வி, கலஹாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். "இரண்டும் தெரிந்தவர் யார்?" என்று டொக்டர் கேட்டதும் கையைத் தூக்கிவிட்டேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளுக்குச் சொல்லுக்கா பஞ்சம்?

"கீழ எரியுதுங்கக்கா. ரெண்டு கெழமையா மலைக்கு வேலைக்குப் போக முடியல" என்றார் செல்வி.

எனக்குப் புரிந்தது. ஆனால் அதைச் சிங்களத்தில் சொல்ல வாய் வரவில்லை… தமிழில் மட்டும் வந்துவிடுமா என்ன? "வயிற்றுப் பக்கம் எரிகிறதாம்" என்று நாகரிகமாகச் சொல்லி, என் வயிற்றையும் தடவிக் காட்டினேன்.

"உறைப்பு அதிகம் சாப்பிடுவாரா?" என்று கேட்டார் டொக்டர். அதையும் மொழிபெயர்த்தேன்.

"உறைப்பா? அக்கா, நீங்க என்னத்த சொன்னீங்க?" செல்வி எழுந்தே விட்டார். "இங்கங்க டொக்டர், ஒண்ணுக்குப் போற எடம்!" என்று விரலால் நேராகவே காட்டினார். அந்த அறையில் வெட்கப்பட்டது நான் ஒருத்திதான்.

திரைக்குப் பின்னால் பரிசோதனை முடிந்தது. எதனால் கழுவுகிறார் என்று விசாரித்தால், காயத்துக்குப் போடும் கிருமிநாசினியாம். உள்ளேயும் விட்டுக் கழுவுவாராம். சுத்தமாக இருக்கட்டுமே என்று!

டொக்டர் ஒரு தாளில் படம் வரைந்தார். பெண்குறியின் வெளி உதடுகள் ஒரு கதவு. சதைப்பற்றானவை, அடிபடாமல் காப்பவை. உள் உதடுகள் இன்னொரு கதவு. யோனி வாசலையும் சிறுநீர் வாசலையும் மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்பவை. முடிகூட உராய்வையும் தூசியையும் தடுக்கத்தான். யோனியோ தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதன் லேசான புளிப்புத்தன்மையே காவல். கிருமிநாசினி அந்தக் காவலை அல்லவா விரட்டுகிறது? வெளியே மட்டும் தண்ணீரால் கழுவினால் போதும். வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம்.

இம்முறை ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னேன்.

"ரெண்டு கதவா? எங்க லயத்து வீட்டுக்கே ஒரு கதவுதானேக்கா!" என்று சிரித்தார் செல்வி. பூசுவதற்கு க்ரீம் கிடைத்தது. அடுத்த கிழமை மலைக்குப் போகலாம் என்றதும் அவர் முகம் தெளிந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

போகும்போது திரும்பி, "அப்ப நீங்க எதுலக்கா கழுவுறீங்க?" என்றார்.

என் கைப்பைக்குள், அங்கே கழுவவென்றே அன்று காலைதான் டவுனில் வாங்கிய ரோஜா வாசனைத் திரவப் போத்தல்.

என்ன கேட்கிறார் என்று டொக்டர் என்னைப் பார்த்தார்.

"நன்றி சொல்கிறார், டொக்டர்!"