காம்பு நறுக்கிய சுரைக்காய்

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வைத்த பெயர் நாக்கம்மா. முப்பத்தோரு வருஷம் அங்கே நோயாளிகளுக்குச் சமைத்துப் போட்டாள். அவள் ஒரு சொட்டைக் கையில் விட்டு நக்கிப் பார்த்துத் தலையாட்டினால்தான் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் நகரும். பெரிய டாக்டரே, "நாக்கம்மா பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டைத் தொடுவாராம். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளே சொல்லித்தான். ஒரு தடவையா, நூறு தடவை.

நான் கட்டினவனோடு ஒத்துவராமல் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு அவள் வாசலில் வந்து நின்றேன். "இருடி, நீ எனக்கு ஒரு பாரமா?" என்று உள்ளே கூட்டிக்கொண்டாள். பொய் சொல்லக்கூடாது, அந்த மனசு அவளுக்கு உண்டு. ஆனால் மறுநாளே அடுப்படி என் தலையில் விழுந்தது. சமைப்பது நான், குற்றம் சொல்வது அவள். ஒரு வாய் வைப்பாள், கண்ணை மூடுவாள். "புளி தூக்கல்." "உப்பு எட்டிக்கூடப் பாக்கல." "இதை மனுஷன் தின்பானா?" வேலையில் இருந்தவரைக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் இந்த அர்ச்சனை. ஓய்வு பெற்ற பிறகு மூன்று வேளையும் கிடைத்தது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாளாவது, நல்லாயிருக்குடி என்று அந்த வாயிலிருந்து வந்ததில்லை.

ஓய்வு பெற்ற கையோடு அவள் தோட்டத்தில் இறங்கினாள். தோட்டம் என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் நாலு கட்டில் போடுகிற அளவு மண், அவ்வளவுதான். அதில் அவள் போடாத செடி இல்லை. கத்தரி, மிளகாய், வெண்டை, சுவரோரம் அவரைக்கொடி. விரிசல் விட்ட வாஷ்பேசினில் புதினா, உடைந்த பக்கெட்டில் கொத்தமல்லி. ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட குளுக்கோஸ் பாட்டில்களைக் கேட்டு வாங்கி வந்து, குச்சியில் தலைகீழாகக் கட்டி, தக்காளிச் செடிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறக்குவாள். "என்னக்கா, தக்காளிக்கெல்லாம் உடம்புக்கு முடியலயா?" என்று எதிர்வீட்டு லாரிக்காரர் மனைவி கிண்டல் பண்ணுவாள். அக்காவுக்குச் சிரிப்பு வராது. பாட்டில் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதில் குறியாக இருப்பாள்.

விளைந்ததை வைத்துக்கொள்ளவும் மாட்டாள். விடிந்ததும் பறித்து, பையில் போட்டு, தெருவில் ஆறேழு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். சுரைக்காய், வெள்ளரிக்காய் என்றால் கொடுப்பதற்கு முன்னால் காம்புப் பக்கம் ஒரு சில்லு நறுக்கி வாயில் போட்டு மெல்லுவாள். கொடிக்காய் சில சமயம் கசந்து தொலையும், கசந்த சுரைக்காய் வயிற்றுக்குள் போனால் ஆளைப் படுக்க வைத்துவிடும், அதனால்தான். "தைரியமா சமை" என்று நீட்டுவாள். நாளாவட்டத்தில் எங்கள் தெருவில் அதுவே சட்டமாகிவிட்டது. காம்பு நறுக்கியிருந்தால் அக்கா பார்த்தாயிற்று என்று அர்த்தம். வாங்கினவர்கள் யாரும் மறுபடி ருசி பார்த்ததே இல்லை. தன் கையால் கொடுத்ததை நாலு பேர் யோசிக்காமல் வாயில் வைக்க வேண்டும், அதுதான் அவளுக்கு உயிர். நகை நட்டு எதிலும் அவளுக்கு ஆசை இருந்ததில்லை.

போன வருஷம் மழை விட்டதும் ஒரு காய்ச்சல் வந்தது அவளுக்கு. பதினோரு நாள் படுத்தாள். எழுந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்த நாலாம் நாள், எனக்கு என்ன ஞாபகமோ, குழம்பில் உப்பே போடவில்லை. அவள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு நான் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தேன். ஐயையோ! சாக்கடைத் தண்ணீர் மாதிரி இருந்தது. இப்போது விழப்போகிறது பாட்டு என்று குனிந்தபடி காத்திருந்தேன்.

"இன்னிக்கு நல்லா இருந்துச்சுடி" என்றாள் அக்கா. "இப்பத்தான் உனக்குக் கைப்பக்குவம் வந்திருக்கு."

மறுநாள் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டேன். என்னால் விழுங்க முடியவில்லை. அவள் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அப்போது எனக்கு விளங்கிவிட்டது. காய்ச்சல் அவள் நாக்கைக் கொன்றுவிட்டுப் போயிருந்தது. அதை வெளியே காட்டாமல் இருக்க, எது கொடுத்தாலும் நல்லாயிருக்கு என்று ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

சொல்லியிருக்க வேண்டும். "அக்கா, உனக்கு ருசி தெரியல, வா, டாக்டர்கிட்டப் போகலாம்" என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. இத்தனை வருஷமாக என்னைச் சோற்றுத் தட்டின் முன்னால் நிறுத்திவைத்து மானத்தை வாங்கினவள், நான் போட்டதை வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். அது மட்டும் இல்லை. நல்லாயிருக்குடி என்று அவள் சொல்வது பொய் என்று தெரிந்தும், தினமும் அதைக் கேட்க எனக்கு வேண்டியிருந்தது. இப்படி ஒரு அல்ப ஆசை. அவள் மறைத்தாள், அவள் மறைப்பதைத் தெரிந்துகொண்டு நான் மறைத்தேன். தோட்டத்தில் அவள் காம்பு நறுக்கி மெல்லும்போதெல்லாம், இந்த நாக்கை நம்பித்தானே தெருவே சாப்பிடுகிறது என்று தோன்றும். இத்தனை வருஷத்தில் ஒரு காயாவது கசந்ததா, இனிமேலா கசக்கப்போகிறது என்று தட்டிக் கழித்துக்கொள்வேன்.

அந்தச் சமயம் பார்த்து எருக்குழி ஓரத்தில் ஒரு சுரைக்கொடி தானாக முளைத்தது. அது எந்த விதையோ, யார் வீட்டுக் குப்பையில் வந்ததோ. "பேர் தெரியாத கொடி, புடுங்கிப் போடுக்கா" என்றேன். "தானா வந்த புள்ளையை வேண்டாம்னு சொல்லுவாங்களா?" என்று பந்தல் போட்டுக் கொடுத்தாள். கொழுகொழுவென்று காய்த்துத் தள்ளியது.

மாடியில் அக்கா மகனும் மருமகளும் குடியிருந்தார்கள். மருமகள் தபால் ஆபீஸில் கவுண்டர் வேலை பார்க்கிறவள். மாமியாரை எதிர்த்து ஒரு சொல் பேசாத பெண். நானாக இருந்தால் வந்த வாரமே தனிக்குடித்தனம் போயிருப்பேன். உட்கார்ந்தே வேலை பார்த்து உடம்பு போடுகிறது, காலையில் சுரைக்காய்ச் சாறு குடித்தால் இறங்கும் என்று கூட வேலை பார்க்கிற யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேட்டதும் அக்காவுக்கு வாயெல்லாம் பல். "நம்ம வீட்டுலயே காய்க்குது, தினம் ஒண்ணு தர்றேன்" என்றாள். எருக்குழிக் கொடியில் முதல் காயைப் பறித்து, காம்பை நறுக்கி, மென்று விழுங்கி, "நல்ல பிஞ்சு, தைரியமா குடி" என்று மாடிக்குக் கொடுத்தனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் மருமகள் டம்ளரும் கையுமாகக் கீழே வந்தாள். முகம் கோணிக்கொண்டிருந்தது.

"அத்தை, கசக்குது."

"கசக்குதா? நான் பாத்துத்தானே குடுத்தேன்?"

"நெஜமாத்தான் அத்தை. ஒரு வாய்தான் குடிச்சேன். தொண்டை வரைக்கும் கசக்குது."

"பல்லு வெளக்கின வாயோட குடிச்சா பாலும்தான் கசக்கும். ஆயிரம் பேருக்கு ருசி பாத்துக் குடுத்தவ நான். ஒருத்தருக்கு ஒண்ணு ஆனதில்ல. நேத்து வந்தவ நீ எனக்குச் சொல்றியா? குடி!"

அந்தக் குரலில் இருந்தது கோபம் இல்லை, பயம். எனக்கு அது தெரிந்தது. மருமகள் என் பக்கம் திரும்பி டம்ளரை நீட்டினாள். "சின்னத்தை, நீங்க ஒரு வாய் பாத்துச் சொல்லுங்களேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். அவள் குட்டு உடைந்தால் என் குட்டும் உடையும். "அக்கா பாத்ததுக்கு மேல நான் என்னத்தப் பாக்கப் போறேன்?" என்று சொல்லிவிட்டு, காயப்போட வேண்டிய துணியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு டம்ளர் முழுவதையும் குடித்துக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மாடிக் குளியலறையில் வாந்தி எடுக்கிற சத்தம். நிற்கவே இல்லை. பிறகு ரத்தமாக எடுத்தாள். மகன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தான். என் அக்கா வெறுங்காலோடு பின்னால் ஓடினாள்.

அக்கா வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிதான். ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கி, இரண்டு நாள் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். மூன்றாம் நாள் கண் விழித்தவளிடம் டாக்டர் கேட்டார்: "கசந்துச்சுன்னு சொல்றீங்க. துப்பிட வேண்டியதுதானேம்மா? படிச்சவங்கதானே?"

"அத்தை பாத்திருந்தாங்க" என்றாள் அந்தப் பெண். "அத்தை பாத்தா சரியா இருக்கும்." குத்திக் காட்டவில்லை, நம்பித்தான் சொன்னாள். கட்டில் கால்மாட்டில் நின்ற அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் மகன் வீட்டுக்கு வந்து, ஃப்ரிஜ்ஜில் கிடந்த மீதிக் காயை எடுத்து ஒரு துண்டு கடித்தான். உடனே துப்பினான். இன்னொரு துண்டை வெட்டி அம்மாவிடம் நீட்டினான். அவள் அவனையே பார்த்தபடி மென்றாள். விழுங்கப் போனவளின் வாய்க்குள் விரலை விட்டு அவனே தோண்டி எடுத்தான்.

"எத்தனை நாளாம்மா தெரியல?"

"காய்ச்சலுக்கு அப்புறம்" என்றாள். அவள் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

அவன் என்னிடம் திரும்பினான். "சித்தி, தினம் நீங்கதானே சமைச்சுப் போடுறீங்க? உங்களுக்குமா தெரியல?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தலை தானாகக் குனிந்தது. அக்கா அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெரியுமாடி உனக்கு?" என்றாள். "அந்தப் புள்ள டம்ளரை நீட்டிக் கேட்டுச்சே. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

மருமகள் பிழைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அவள் அம்மா வீட்டுக்குப் போனாள், மாடி காலியானது. மகன் சண்டை போடவில்லை. மாதம் ஒரு தடவை வருகிறான், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறான். தெருவிலும் யாரும் ஏச்சுப் பேச்சு பேசவில்லை. அக்கா பையோடு போனால், "இப்பத்தான் வாங்கினேங்க்கா" என்கிறார்கள், "வெளியூர் போறோம்க்கா" என்கிறார்கள். லாரிக்காரர் மனைவி மட்டும் முகத்துக்காக வாங்கிக்கொண்டாள். அன்று மத்தியானமே அது அவள் வீட்டுக் குப்பைக்கூடையில் கிடந்ததை அக்கா பார்த்துவிட்டாள்.

ஆனாலும் செடிக்குத் தண்ணீர் விடுவதை அவள் நிறுத்தவில்லை. நேற்று வெள்ளரிக்கொடியில் நாலு காய் பறித்தாள். பழக்க தோஷத்தில் ஒன்றின் காம்பை நறுக்கினாள், வாயருகே கொண்டுபோனவள் நின்றுவிட்டாள். பிறகு அந்தச் சில்லை என்னிடம் நீட்டினாள். ஆறு மாதமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவள் நீட்டுகிறாளே என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வாயில் போட்டு மென்றேன். நல்ல காய், துளிக் கசப்பு இல்லை.

"நல்லா இருக்குக்கா" என்றேன். "சத்தியமா நல்லா இருக்கு. நான் வேணா போய்க் குடுத்துட்டு வரட்டுமா?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், எங்கேயாவது ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள்.

"நீ சொல்றதை நம்பி நான் யாருக்குடி குடுக்கறது?" என்றாள்.

நாலு காயையும் எருக்குழியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.