மூப்பர் சொன்ன தேவசித்தம்

சலோமி அக்கா பொம்மசந்திராவில் தகர மூடி அடிக்கும் கம்பெனியில் பதினோரு வருஷம் பிரஸ் மெஷின் ஓட்டியவர். ஞாயிறு ஆராதனையில் எங்கள் சபை பாட்டுக்குக் கை தட்டினால் அவர் தட்டுவது தனியாகக் கேட்கும்.

கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சார் ஒன்று அதில் உண்டு. வேலை தாமதமாகிறது என்று சூப்பர்வைசர் தன்ராஜ் அதை அணைத்துவைக்கச் சொன்னார். மூன்றாம் நாள் அக்காவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

தன்ராஜ் எங்கள் சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவரும்கூட. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்தார். "கர்த்தர் அனுமதிக்காம ஒண்ணும் நடக்காதும்மா. இதிலயும் அவருக்கு ஒரு நோக்கம் இருக்கு" என்று சொல்லி, ஜெபித்துவிட்டுப் போனார். கம்பெனி ரிப்போர்ட்டில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதியவரும் அவரேதான்.

எங்கள் சபையில் பிழைத்து வந்தவர்கள், ஆண்டவர் காப்பாற்றியதை எல்லார் முன்னும் சாட்சியாகச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஞாயிறு அக்காவிடம் மைக்கை நீட்டியதும் மூப்பர்தான். அக்கா இடது கையில் வாங்கினார்.

"ஆண்டவர் சித்தத்தை நான் நம்பறேன். விரல் போனப்புறமும் நம்பறேன். இதுல அவர் நோக்கம் என்னன்னு அவர்கிட்டயே கேட்டுக்கறேன். ஆனா சென்சாரை ஆஃப் பண்ணச் சொன்னது அவர் இல்ல பிரதர், நீங்க. உங்க நோக்கம் என்னன்னு நீங்க சொல்லுங்க."

வரிக்கு வரி ஆமென் சொல்கிற சபை அது. அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து மெஷினில் நின்று எல்லாவற்றையும் பார்த்த நானும் திறக்கவில்லை.

அக்காவே "ஆமென்" சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.