பேச்சியின் மூக்கில் கேட்ட விசில்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். உங்களுக்கே தெரியும், வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் சொல்லிச் சொல்லி உங்கள் காதைப் புளிக்க வைத்திருக்கிறேன். குரங்கணியில் ஜீப்பு நிற்கிற இடத்தில் மூட்டை தூக்கினேன். இன்றைக்கு மலை மேலே சொந்த ஏலக்காய்த் தோட்டம். காயை நெருப்புச் சூட்டில் வாட்டுவதற்குச் சொந்த ஸ்டோர். போடியில் காய் தரம் பிரிக்கிற கிட்டங்கி, அதில் முப்பது பெண்களுக்கு வேலை. பேங்கில் கடன் இல்லை என்று விரட்டினார்கள். ஒரு மழையில் பாதித் தோட்டம் சரிந்து ஓடையில் போனது. பங்காளிகள் சிரித்தார்கள். அத்தனையும் தாண்டிக் கட்டினேன்... ஒற்றை ஆளாக!

ஏலக் கூடத்தில் என் காய் சாம்பிள் தட்டில் வந்தால் வியாபாரிகள் உடைத்து முகர்ந்து பார்க்க மாட்டார்கள். "பெரியவர் மூக்கு பாஸ் பண்ணுன காய்ப்பா" என்று நேரே விலை கேட்பார்கள். அந்தப் பெருமையை இதே பக்கத்தில் எத்தனை வாரம் எழுதியிருப்பேன்?

அந்த மூக்கு என்னுடையது இல்லை.

அது பேச்சியம்மாளுடையது. ராசிங்காபுரத்திலிருந்து காலை முதல் பஸ்சில் வருகிறவள். என் கிட்டங்கி திறந்த நாளிலிருந்து இருக்கிறாள். ஒரு காயை நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோவாள். "அண்ணே, இது தீ சாஸ்தியாகி வாட்டுனது. தனியா வைங்க" என்பாள். "இது போன வருசத்துக் காயி. எவனோ கலந்திருக்கான்" என்பாள். ஒரு நாளும் தப்பியதில்லை. அவள் சொன்னதை நான் ஏலக் கூடத்தில் போய்ச் சொல்லுவேன். பெயர் எனக்கு வந்தது. அவளுக்கு வருஷா வருஷம் தீபாவளிச் சேலை போனது.

போன வருஷம் எனக்கு ஓயாத தும்மல், மூக்கடைப்பு. தேனியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். அலர்ஜி என்றார். மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்பிரே ஒன்று எழுதினார். இப்படிப் பிடியுங்கள், அப்படிச் சாயுங்கள் என்று கையை மாற்றி மாற்றிக் காட்டினார். ஐம்பது வருஷமாகச் செடிக்கு மருந்து அடித்தவன் நான். எனக்கு அடிக்கச் சொல்லித் தருகிறாரே என்று உள்ளுக்குள் சிரிப்பு. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

பத்து நாளில் மூக்கு திறந்துகொண்டது. சும்மா இருப்பேனா நான்? ஊரெல்லாம் அந்த மருந்தின் புகழ் பாடினேன்.

அந்தச் சமயம் பேச்சிக்கும் தும்மல். காயைத் தேய்த்துக் காம்பு உதிர்க்கிற இடத்தில் தூசிக்கா பஞ்சம்? மூக்கு அடைத்தால் அவள் சோலியே நின்றுபோகும். மெடிக்கல் கடையில் என் சீட்டைக் காட்டி ஒரு டஜன் பாட்டில் வாங்கிவந்தேன். டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கலாம். அரை நாள் வேலை கெடும் என்று நினைத்தேன்.

ஏலச் செடிக்கு மருந்து அடிக்கிறவர்களுக்குத் தெரியும். இலை மேல் அடித்தால் வீண். செடிக் குத்துக்கு நடுவே, தூரில், பூச்சரம் கிளம்புகிற இடம் பார்த்து அடிக்க வேண்டும். பூச்சி அடங்கவில்லையா? டோஸைக் கூட்டு. இதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். அதையே அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

"நடுவுல பாத்து நேரா அமுக்கு ஆத்தா. அடிச்சதும் நல்லா உறிஞ்சு. காலையில, மத்தியானம், சாயங்காலம், மூணு நேரமும் அடிக்கணும்."

"ஒங்களுக்கு தெனம் ஒரு நேரம்னுதானண்ணே டாக்டரு சொன்னாரு?"

"நான் ஏசி ரூமுல உக்காந்திருக்கேன். நீ தூசிக்குள்ள கெடக்க. செடிக்கு நோவு கூடுனா மருந்தக் கூட்ட மாட்டமா?"

"நீங்க சொன்னாச் சரிதாண்ணே."

அந்தச் 'சரிதாண்ணே' இப்போதும் காதில் இருக்கிறது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் தெரியுமா? சோம்பேறித்தனம். பாதி நாள் மறந்துபோவேன். மூக்கு திறந்ததும் பாட்டிலை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. அவள் மறக்கவில்லை. ஒரு வருஷம், ஒரு நேரம் விடாமல் அடித்தாள். முதலாளி சொன்னதாயிற்றே!

நடுவில் ஒரு தரம் வந்து சொன்னாள். "மூக்குல ரத்தம் வருதுண்ணே. பொருக்குப் பொருக்கா உதிருது."

"உள்ள கெடந்த அழுக்கு வெளிய வருது. விடாம அடி" என்றேன். யார் கேட்டார்கள் என்னிடம் வைத்தியம்?

பிறகு அந்த விசில் வந்தது. சல்லடை மெஷினை நிறுத்தினால், அவள் மூச்சு விடும்போது மூக்கிலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம். பெண்களுக்கு ஒரே கேலி.

"யக்கா, குரங்கணி ஜீப்புக்கு ஆள் கூப்புடுறியா?"

"ஆமாடி, வெரசா ஏறு. ஒன் சைசுக்கு முன் சீட்டு பத்தாது, டாப்புல ஏறிக்க!"

கிட்டங்கியே சிரித்தது. நானும் சிரித்தேன்... வாய்விட்டு.

போன வாரம் ஏலக் கூடத்தில், எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம், ஒரு வியாபாரி என் காயை உடைத்து முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். "என்ன பெரியவரே, புகை வாடை தூக்குது?" என்றார். ஸ்டோரில் புகைக் குழாய் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது. அதுவல்ல என் கவலை. இதை எப்படிப் பேச்சி கவனிக்காமல் விட்டாள்?

கோபத்தோடு வந்தேன். மூன்று தட்டில் காய் போட்டு அவள் முன்னால் வைத்தேன். ஒன்று புதுக் காய். ஒன்று பழசு. ஒன்று அந்தப் புகை பிடித்த காய்.

கீறினாள். முகர்ந்தாள். பிறகு காயைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். பதில் என் முகத்தில் எழுதியிருக்கிறதா என்று தேடினாள்.

"மூணும் நல்லாத்தாண்ணே இருக்கு."

"எம்புட்டு நாளா இப்படி?"

கீறிய காயைத் திரும்பத் தட்டில் போட்டாள்.

"ஆடியிலருந்துண்ணே. கண்ணால பாத்து, கையால தடவிப் பாத்துச் சொல்லிக்கிட்டிருந்தேன். வாசன தெரியலன்னு சொன்னா வேற ஆள உக்கார வச்சிருவீங்கள்ல?"

அன்றைக்கே காரில் தேனிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் மூக்குக்குள் லைட் அடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். இந்தத் துவாரத்தில் அடித்த வெளிச்சம் அந்தத் துவாரத்தில் தெரிந்தது. நடுச்சுவரில் ஓட்டை.

"மருந்து மோசமில்லைங்க" என்றார் டாக்டர். "சொன்ன அளவுல, சொன்ன முறையில அடிச்சா நல்ல மருந்து. தூசியும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா இவங்க அடிச்ச அளவும் தப்பு, அடிச்ச இடமும் தப்பு."

இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்டேன். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் மெதுவாக மூக்கைச் சிந்திக்கொள்ள வேண்டும். பாட்டிலைக் குலுக்க வேண்டும். தலை லேசாக முன்னே குனிய வேண்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை நடுச்சுவரைப் பார்க்கவே கூடாது, அதே பக்கத்துக் காதைப் பார்த்துச் சாய வேண்டும். அடித்ததும் 'சர்'ரென்று உறிஞ்சக் கூடாது, மெதுவாக மூச்சு இழுத்தால் போதும். பலன் தெரிய நாளாகும், அதற்காக அளவைக் கூட்டக் கூடாது. ரத்தம் வந்தாலோ பொருக்குக் கட்டினாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். ரொம்ப நாள் அடிக்கிறவர்கள், முக்கியமாகக் கண்ணில் பிரஷர் உள்ளவர்கள், கண்ணையும் பரிசோதிக்க வேண்டும். குழந்தைகளுக்கு டாக்டர் பார்வையில் மட்டும்தான். ஒருவர் பாட்டில் ஒருவருக்கு மட்டும்.

இவ்வளவுதான். இதைத்தான் போன வருஷமும் அவர் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

"ஓட்டை மூடுமா?"

"தானா மூடாதுங்க. உப்புத் தண்ணி, களிம்பு போட்டு ஈரமா வச்சுக்கணும். ஆபரேஷன் பத்திப் பின்னால பேசலாம். உறுதி சொல்ல முடியாது."

"வாசனை?"

"பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' எனக்குத் தெரியும். வேலை கேட்டு வருகிறவனிடம், தர மனசில்லாதபோது நான் சொல்கிற 'பார்க்கலாம்'.

திரும்பி வரும்போது பேச்சி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். டாக்டர் இங்கிலீஷில் எழுதிய சீட்டை டிரைவரிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். 'டாக்டர் ஆலோசனையின்றி, தானாகவே மருந்தை அதிகம் உபயோகித்தவர்' என்று தமிழில் சொன்னான்.

ஊர் எல்லையில் ஏலக்காய்க் கிட்டங்கிகள் வரிசையாக வரும். காற்றே மணக்கும். கண்ணைக் கட்டி விட்டாலும் போடிக்காரனுக்கு ஊர் வந்தது தெரியும். பேச்சி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"போடி வந்திருச்சாண்ணே?"

"வந்திருச்சு ஆத்தா" என்றேன்.

மறுநாள் டாக்டரிடம் திரும்பப் போனேன். "தானாகவே என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள்" என்றேன். "சீட்டுல அதெல்லாம் எழுத முடியாதுங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பேச்சி அதே நாற்காலியில்தான் உட்காருகிறாள். அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். ஆனால் யாரும் அவளிடம் காயை நீட்டுவதில்லை. சல்லடை நின்றால் விசில் கேட்கிறது. இப்போது ஒருத்தியும் சிரிப்பதில்லை.

டாக்டர் எழுதாததை நான் இங்கே எழுதுகிறேன். அவள் தானாக எதுவும் செய்யவில்லை. கிட்டங்கி வாசல் கல்வெட்டில் 'கட்டியவர்' என்று என் பெயரைப் பெரிசாக வெட்டியிருக்கிறேன்... பேச்சி மூக்கில் இருக்கிற ஓட்டைக்கும் அதே பெயரைப் போடுங்கள். என் பங்கை யாரும் மறைக்கக் கூடாது.