சார்ஜரில் கிடந்த வாக்கி டாக்கி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். துபாயில் ஒன்பது வருடம் டவர் கிரேன் ஓட்டியவன், ஆளைக் கொல்வது ஆவியில்லை, அறுந்த கம்பிதான் என்று கண்ணால் பார்த்தவன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, நம்புகிறவர்களால்தான் எரிச்சலே.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஆறு மாடிக் கட்டட வேலை. உப்புக் காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும். சுமையைக் கட்டித் தூக்குகிற வயர் ஸ்லிங் ஒன்றில் இழைகள் அறுந்து முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. சைட் இன்ஜினியரிடம் நாலு முறை சொன்னேன். "பாப்போம் அண்ணாச்சி" என்பார், அதோடு சரி. பொறுக்காமல் நானே அதைப் பழைய இரும்புக் குவியலில் தூக்கி எறிந்தேன். துபாயில் என்றால் இரண்டாக வெட்டித்தான் எறிவோம், வேறொருவன் எடுத்துவிடக் கூடாது என்று. அன்றைக்கு நான் வெட்டவில்லை. அதற்காக இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும், சுள்ளென்று வெயில். என் வாக்கி டாக்கியில் சார்ஜ் இல்லை, ஆபீஸில் சார்ஜரில் போட்டுவிட்டு, அது வந்தால்தான் கிரேனில் ஏறுவேன் என்றேன்.

"மேல ஆளுவ சும்மா நிக்காங்க அண்ணாச்சி, கை சிக்னல் போதும், ஏறுங்க" என்று விரட்டினார் இன்ஜினியர். ஏறினேன். அதுவும் தப்புதான்.

கீழே சிக்னல் காட்டுகிறவன் சூசை, கடற்கரைக்காரன், இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் இடுப்பில் அவனுடைய வாக்கி டாக்கி செட் இருந்தது. கம்பிக் கட்டைத் தூக்கினேன், மூன்றாவது மாடி உயரத்துக்கு வரும்போது பார்க்கிறேன், சூசை யாரையோ திட்டிக்கொண்டே நேராக அதன் அடியில் வந்து நிற்கிறான். ஹார்னை அமுக்குகிறேன், அது செத்துப்போய் மாதம் ஒன்றாகிறது, அதையும் சொல்லியிருந்தேன். அந்த உயரத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் காற்றுதான் கேட்கும். திடீரென்று அவன் துள்ளி ஓடினான். அடுத்த நொடி ஸ்லிங் அறுந்து மொத்தக் கம்பியும் அவன் நின்ற இடத்தில் விழுந்தது. நான் எறிந்த அதே ஸ்லிங். எவனோ கிரீஸ் தடவி எடுத்து வந்திருக்கிறான்.

இறங்கி ஓடினேன். சூசை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"செட்டுல 'ஏலே சூசை, விலகுலே'ன்னு நீங்க கத்தலேன்னா என் பிள்ளைய கதி என்ன அண்ணாச்சி?"

"நான் எங்கலே கத்துனேன்? எங்கிட்ட செட்டே இல்லையே!"

"உங்க குரலு எனக்குத் தெரியாதா?" என்றான். பக்கத்தில் நின்ற வெல்டரும் அதையே சொன்னான்.

ஆபீஸுக்குப் போனேன். செட் சார்ஜரில்தான் கிடந்தது. இன்ஜினியர் மட்டும் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்.

"இதுல யாரு சார் பேசுனது?"

"யாரும் தொடல. பேசுனா எரியுத சிவப்பு லைட்டு தானா எரிஞ்சிச்சு அண்ணாச்சி. சத்தமே இல்ல."

சாயங்காலம் கேட்டால் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தார். ஆபரேட்டர் வாக்கி டாக்கியில் உடனே எச்சரித்தார் என்று ரிப்போர்ட் எழுதி நீட்டினார். செட் இல்லாமல் என்னை ஏற்றியது வெளியே வரக் கூடாதே! வேலைக்குப் பயந்து நானும் கையெழுத்துப் போட்டேன். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். புது ஸ்லிங் மட்டும் இன்னும் வரவில்லை.

அதைவிடக் கொடுமை சூசை. இப்போதெல்லாம் தூக்கிய சுமைக்கு அடியிலேயே நின்று பீடி பற்றவைக்கிறான். கத்தினால் சிரிக்கிறான்.

"நீங்க மேல இருக்கையில எனக்கென்ன பயம்? அறுந்தா சொல்லிர மாட்டியளா?"

அது நான் இல்லையென்று எத்தனை தடவைதான் சொல்வது! அவன் விலகுகிறவரை மேலே லீவரை அசைக்காமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு என் குரலில் பேசியது யாரோ, அது இன்னொரு தடவையும் பேசும் என்று எனக்கு யாரும் உறுதி சொல்லவில்லை.