இசிமை மருந்தெண்டு சொன்ன நாள்

இடது புஜத்துல கட்டின கறுத்த நூல் வேர்வையில ஊறிக் கடிச்சிக்கிட்டே இருந்துது… சாம்பிராணி மணம் வேற.

எண்பதுகள்ல ஒரு நாள். சீஷெல்ஸ் எயார்போட். கல்முனையில இருந்து அங்க கணக்குப் படிப்பிக்கப் போன புது மாஸ்டர் நான்.

நூல்ல கோத்திருந்தது ஒரு செப்புக் கூடு. உள்ளுக்கு பள்ளிவாசல் லெவ்வை ஓதி எழுதிக் குடுத்த இசிம், தாயத்துத்தான். எட்டு மாசக் கர்ப்பத்தோட இருந்த என்ட பொஞ்சாதிதான் கட்டிவிட்டா.

"எனக்கு இதுல நம்பிக்கை இல்ல புள்ள" எண்டன்.

"உங்களுக்கில்ல, எனக்கு. நான் நிம்மதியா உறங்க வேணும். கழட்டப்படா."

பட்டதாரி நான் புஜத்தக் காட்டிக்கிட்டு நிண்டன்.

எனக்கு முதல் அங்க போன காரைதீவுக் கூட்டாளி கடிதத்துல எல்லாம் விபரமா எழுதியிருந்தான். ரிட்டர்ன் டிக்கட் கையில இருக்கட்டும். தங்குற இடத்துட அட்ரஸ எழுதி வை. ஸ்கூல் லெட்டர் பெட்டியில மேலுக்குக் கெடக்கட்டும். மாம்பழம், கருவாடு கொண்டு வராத, பறிச்சிப் போடுவான். கொஞ்சம் முன்னுக்கு ஆட்சியக் கவிழ்க்கப் பாத்திருக்காங்க, அதால எயார்போட்ல ஆமிக்காரங்க துவக்கோட நிப்பாங்க…

எல்லாம் அப்படியே செஞ்சன். உம்மா கட்டித் தந்த கருவாட்டுப் பார்சலக்கூட கொழும்புல ஒருத்தருக்குக் குடுத்துட்டுத்தான் பிளேன் ஏறினன். இசிமப் பத்தி அவன் ஏன் எழுதப் போறான்!

கஸ்டம்ஸ் ஆபீசர் கைய உசத்தச் சொல்லித் தடவினான். கூடு தட்டுப்பட்டுது.

"இது என்ன?"

எனக்குச் சொல்ல வெக்கம். படிச்சவன், அதுவும் கணக்கு மாஸ்டர், தாயத்துக் கட்டிக்கிட்டு வந்திருக்கான் எண்டு நினைப்பானே…

"மெடிசின்" எண்டுட்டன்.

அந்த ஒரு சொல்லோட அவன்ட முகம் மாறிப் போச்சு. என்ன மெடிசின், டொக்டர் லெட்டர் எங்க எண்டு கேட்டான். கத்திரிக்கோல் வந்துது. நூல அறுத்தான். வாயடைச்சிருந்த மெழுக நோண்டிக் கூட்டத் துறந்தான்.

மருந்து இல்ல. சுருட்டின கடதாசி. அதுல ஒன்பது கட்டம், கட்டத்துக்கு ஒண்டா அறபு இலக்கம்.

"இது என்ன ரகசியக் கோட்? ஆருக்குக் கொண்டு வந்த?"

துவக்கோட நிண்டவன் ரெண்டு எட்டு கிட்ட வந்தான். அடுத்த பிளேன்ல திருப்பி அனுப்பினா? ஊர்ல இருந்த வேலையையும் விட்டுட்டு வந்திருக்கன், பொறக்கப் போற புள்ளைக்கு என்ன வழி? ஜெயில்ல போட்டா…?

கடைசியில உள்ளதச் சொன்னன். "சேர், இது துஆ மாதிரி, ஒரு பிரார்த்தனை. என்ட மனைவி கட்டினது. வெக்கத்துல பொய் சொல்லிட்டன்."

அவன் நம்பல்ல. பேனையத் தாங்க எண்டு கேட்டு வாங்கினன். ஒவ்வொரு அறபு இலக்கத்துக்குக் கீழயும் அவனுக்கு விளங்குற இலக்கத்த எழுதினன். ரெண்டு, ஒன்பது, நாலு…

"கூட்டிப் பாருங்க சேர்."

கூட்டினான். பதினைஞ்சு. அடுத்த வரியும் பதினைஞ்சு. மேலிருந்து கீழ… பதினைஞ்சு. மூலைக்கு மூலை கூட்டக்குள்ள அவன்ட முகம் இளகிச்சு.

"நீ கணக்கு மாஸ்டர்தான்" எண்டு சிரிச்சி முத்திரையக் குத்தினான். கடதாசிய மட்டும் தரல்ல. மகனுக்குக் காட்டணுமாம். நான் ஏலாது எண்டு சொல்லுவனா!

நடந்ததப் பகிடியா பொஞ்சாதிக்கு எழுதினன். புள்ள கிடைச்ச பிறகுதான் பதில் வந்துது. பொம்புளப் புள்ள, ரெண்டு பேரும் சுகம் எண்டு எழுதி, கடைசியில…

"அவன் அறுத்ததுக்குக் கவல இல்ல. நான் கட்டினதச் சொல்ல உங்களுக்கு வெக்கமா இருந்துதா?"

ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல்ல.

அந்த மகள் அடுத்த கிழமை புள்ளைகளோட அதே நாட்டுக்கு டூர் போறா. டிக்கட், ஹோட்டல், பெர்மிட் எல்லாம் போனுக்குள்ள. பெட்டிக்கு மேல ஒரு கடதாசி இல்ல. நான் விடுவனா? ரிட்டர்ன் டிக்கட், அட்ரஸ், பழம் கொண்டு போகாத எண்டெல்லாம் சொல்லிட்டு, "எதக் கேட்டாலும் உள்ளதச் சொல்லு மகள்" எண்டன்.

"இப்ப ஆரு வாப்பா கேக்கிற? மெஷின்தானே பாக்குது" எண்டு சிரிச்சா.

பக்கத்துல இருந்த அவட உம்மா சிரிக்கல்ல. என்னையே பாத்துக்கிட்டு இருந்தா…