பத்துப் பேரோடு ஆடிய கேப்டன்

வேலு போய்விட்டான்.

இன்று காலை ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்றவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது...

எங்கள் காலேஜ் ஃபுட்பால் டீம் கேப்டன். ஒரு மேட்ச்கூட ஜெயிக்காமல் சீசனை முடித்த டீம். நெய்வேலியில் பழைய ஆட்கள் இன்னும் எங்களைப் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கார்கில் சண்டை நடந்த வருஷம் அது. எங்கள் சென்டர் ஃபார்வர்ட் குமரேசன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். எல்லையில் இருந்தான். லெட்டர் வருவது நின்றுபோயிருந்தது.

முதல் மேட்சுக்கு அவனுடைய ஒன்பதாம் நம்பர் ஜெர்சியை வேறொருவனுக்கு மாட்டி கிரவுண்டில் இறக்கினோம். மந்தாரக்குப்பத்திலிருந்து குமரேசன் அம்மா வந்திருந்தார். மகன் ஆடிய நாளிலிருந்து எங்கள் மேட்ச் பார்க்க வருவது அவர் பழக்கம். ஜெர்சியைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அவன் வர மாட்டான்னு முடிவு பண்ணிட்டீங்களாப்பா?"

வேலு அந்தப் பையனைக் கூப்பிட்டான். ஜெர்சியைக் கழற்றச் சொன்னான். குமரேசன் இடத்தைக் காலியாக விட்டு, அந்த சீசன் முழுக்க நாங்கள் பத்துப் பேர்தான்.

பி.டி. சார் கத்தினார். நாங்களும்தான். ஒரு கப் அடித்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்று எங்கள் எல்லாரையும்விட அதிகமாக நம்பியிருந்தது வேலுதான். "அந்தம்மா பாத்துகினு இருக்குதுடா" என்பான். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

மேட்சுக்கு மேட்ச் உதை உதை என்று வாங்கினோம். வேலு கடைசிவரை மைன்ஸில் கான்ட்ராக்ட்தான். பெர்மனன்ட் ஆகவே இல்லை.

குமரேசன் நல்லபடியாகத் திரும்பி வந்தான். அவனிடம் மூச்சுவிடக் கூடாது என்று எங்களிடமும் அவன் அம்மாவிடமும் வேலு சத்தியம் வாங்கிவிட்டான். தெரிந்தால் தன் முகத்தைப் பார்க்கவே கூச்சப்படுவான் என்று பயம்.

அதனால் இத்தனை வருஷமும் குமரேசன் எங்களைக் கலாய்த்துக்கொண்டே இருந்தான்... நான் இல்லாம ஒரு மேட்ச் ஜெயிச்சீங்களாடா என்று. போன தீபாவளிக்குக்கூட. வேலுவும் சேர்ந்து சிரித்தான், பாவி.

டீமில் ஊரோடு தங்கியது வேலுவும் நானும்தான். ஷிப்ட் முடிந்தால் மெயின் பஜார் டீக்கடையில் ரெண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். இனி எங்கே போய் உட்காருவது... ரொம்பத் தனியாக இருக்கிறது.

மதியம் குமரேசனுக்கு போன் போட்டேன். புனேயில் இருக்கிறான். மனசு கேட்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எங்கம்மாவுக்குத் தெரியுமாடா?" என்றான்.

காலையிலிருந்து வேலு தலைமாட்டில் உட்கார்ந்திருப்பதே அவர்தான் என்றேன்.

நாளை சாயங்காலம் எடுக்கிறோம். குமரேசன் கிளம்பிவிட்டான்.

அவன் வர்ற வரைக்கும் இருடா வேலு.