மேற்கு நோக்கி

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு நாகப்பட்டினத்து மீனவர்களுக்குக் கடல் வானிலைச் செய்தி அனுப்புவது என் வேலை. ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் எழுத வேண்டும், அவ்வளவுதான். கடலோடு எனக்குள்ள உறவு கால் நனைத்ததோடு சரி.

ஒரு நாள் காலை, செய்தி போன பத்தாவது நிமிடத்தில் ஒரு மீனவர் கூப்பிட்டார்.

"மேடம், மேற்கு நோக்கி பலமா காத்து அடிக்கும்னு போட்டிருக்கீங்க. இங்க கொடி கடலப் பாத்துல்ல பறக்குது?"

"எங்களுக்கு வந்ததே அப்படித்தாங்க" என்றேன், கொஞ்சம் எரிச்சலாக.

"காத்து எங்கேருந்து வருதோ அதாங்க அதுக்குப் பேரு. மேலக்காத்து மேற்கேருந்து வந்து போட்டைக் கடலுக்குள்ள தள்ளும். நீங்க போட்டிருக்கறது கரைக்குத் தள்ளுற காத்து. அத நம்பி என் மச்சான் கிளம்பிட்டான். நான்தான் புடிச்சு நிறுத்தி வெச்சிருக்கேன்."

ஆங்கிலச் செய்தியைத் திறந்து பார்த்தேன். மேற்குக் காற்று என்று மட்டுமே இருந்தது. 'நோக்கி' நான் அழகுக்காகச் சேர்த்த சொல்.

உடனே திருத்தி அனுப்பிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சரி விடுங்க. உங்க ஊர்ல இப்ப என்ன காத்து?"

திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னலைப் பார்த்தேன். போனோடு கீழே இறங்கினேன். தூசிக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார் வாட்ச்மேன்.

நான்கு வருடமாகக் காற்றைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நான், வாட்ச்மேனிடம் கேட்டுத்தான் பதில் சொன்னேன்.